அத்தியாயம் 7: நீளும் ஆட்டத்துக்குக் கவ்வாத்து

ஒரு போயா நாள் காலை 9 மணிக்கு எங்கள் வீட்டு முன்காம்பராவில் நானும் மூன்று நண்பர்களும் ஸ்டெல்லாரிஸ் ஆட்டத்தைத் தொடங்கினோம். ஒருவன் இராகலையிலிருந்து, ஒருவன் கந்தப்பளையிலிருந்து, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தான். எத்தனை நட்சத்திரம் வேண்டும் என்று திரை கேட்டது. பெரியதுதானே நல்லது என்று 1000 போட்டோம். மாலை 5 மணிக்கு அவர்கள் பஸ் ஏறும்போது ஆட்டத்தில் 2270ஆம் ஆண்டுகூடப் பிறக்கவில்லை. ஆட்டம் முடிவது 2500இல். அடுத்த போயாவுக்கு ஒத்திவைத்தோம். அன்று ஒருவனுக்கு டியூஷன். அதற்கடுத்த போயாவுக்குள் இன்னொருவன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். அந்த சேவ் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் வென்றிருப்பார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மலையகத்தில் நான்கு நண்பர்கள் ஒரே நாளில் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய விஷயம். அப்படிக் கிடைத்த நாள் பாதி ஆட்டத்தோடு முடியக்கூடாது. காலையில் தொடங்கிய ஆட்டம் அன்று மாலை பஸ்ஸுக்கு முன் வெற்றி தோல்வியோடு முடிய வேண்டும். அதற்கான வழிகளைத்தான் இந்த அத்தியாயத்தில் வரிசையாகச் சொல்கிறேன்.

தேயிலையை வெட்டாமல் விட்டால் செடி மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. கவ்வாத்து வெட்டும்போது செடி மொட்டையாகத் தெரிந்தாலும் பிறகு தளிர்ப்பது நல்ல கொழுந்து. ஆட்டத்திலும் முதலில் வெட்ட மனம் வராது. வெட்டிப் பாருங்கள்.

ஏன் நீள்கிறது?

சுருக்கமாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம். இந்த வகை ஆட்டங்களுக்கு 'ஃபோர் எக்ஸ்' என்று பெயர். 1993இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது ஆலன் எம்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் வைத்த பெயர் அது. தேடுவது, பரவுவது, வளங்களைப் பயன்படுத்துவது, எதிரியை அழிப்பது என்று நான்கு வேலைகள். முதல் மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும். கோள் கூடினால் மக்கள் கூடுவார்கள், மக்கள் கூடினால் கப்பல் கூடும், கப்பல் கூடினால் இன்னும் கோள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சொடுக்க வேண்டும், கணினி கணக்குப் போட வேண்டும். அதனால் பிற்பகுதி வருடங்கள் முதல் வருடங்களைவிட மெதுவாகவே நகரும்.

இன்னொரு காரணமும் உண்டு. யார் வெல்வார் என்பது பல ஆட்டங்களில் பாதியிலேயே தெரிந்துவிடும். மீதிப் பாதி, வென்றவர் மூலை முடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டிருக்கும் நேரம். என் அனுபவத்தில் அதிக மணி நேரத்தை விழுங்குவது இந்தத் துடைப்புத்தான்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றும் முன் உங்கள் கணினியில் ஒரு வருடம் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டெல்லாரிஸை வைத்துச் சொல்கிறேன்.

1. தனியாக ஒரு புதிய ஆட்டம் தொடங்குங்கள். அது 2200ஆம் ஆண்டு ஜனவரி 1இல் ஆரம்பிக்கும்.
2. போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். ஆட்டத்தை நிறுத்தி யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தே ஓடட்டும். யோசிப்பதும் ஆட்டத்தின் நேரம்தான்.
3. 2210 பிறந்ததும் நிமிடத்தைக் குறியுங்கள்.
4. முழு ஆட்டம் 300 வருடம் என்றால் அந்த நிமிடங்களை 30ஆல் பெருக்குங்கள். 10 வருடத்துக்கு 12 நிமிடம் பிடித்தால் 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம்.
5. பிற்பகுதி மந்தத்துக்காக ஒன்றரை மடங்காக்குங்கள். 9 மணி நேரம்.
6. நண்பர்களோடு ஆடினால் அதையும் இரட்டிப்பாக்குங்கள். ஒருவர் நிறுத்தினால் எல்லோரும் நிற்க வேண்டுமே.

18 மணி நேரம். ஒரு போயா நாளில் உண்மையாக ஆடக் கிடைப்பது 6 மணி நேரம். உங்கள் தாளில் வேறு எண் வரலாம், ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

*குறிப்பு:* திரையின் தரத்தைக் குறைத்தால் வருடம் வேகமாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். படம் வழுக்கலாக நகரும், அவ்வளவுதான். நாட்களை நகர்த்தும் வேலை பெரும்பாலும் செயலியுடையது. கணினி எண்ண வேண்டியதைக் குறைத்தால்தான் வருடம் ஓடும்.

தொடங்கும் முன் வெட்டுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு இந்தத் தெரிவுகள் எதையும் மாற்ற முடியாது. தேநீர் ஊற்றிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து, நால்வரும் ஒத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வைக்க வேண்டியவை இவை.

படி 1: முடிவு ஆண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் முன் இது. ஸ்டெல்லாரிஸில் மூன்று ஆண்டுகளை நீங்களே நிர்ணயிக்கலாம்: நடுப்பகுதி தொடங்கும் ஆண்டு, இறுதிப்பகுதி தொடங்கும் ஆண்டு, வெற்றி ஆண்டு. வழக்கமாக அவை 2300, 2400, 2500 என்று இருக்கும். ஒரு நாள் ஆட்டத்துக்கு 2250, 2300, 2350 என்று வையுங்கள். வெற்றி ஆண்டு வந்ததும் புள்ளி அதிகமுள்ளவர் வென்றவர். மூன்றையும் சேர்த்தே குறைக்க வேண்டும். வெற்றி ஆண்டை மட்டும் 2350 ஆக்கிவிட்டு இறுதிப்பகுதியை 2400இல் விட்டால், ஆட்டத்தின் பெரிய நெருக்கடி வரும் முன்பே கதை முடிந்துவிடும். அந்த நெருக்கடியில்தான் ஆட்டத்தின் உச்சம் இருக்கிறது.

படி 2: நட்சத்திர எண்ணிக்கை. 200, 400, 600, 800, 1000 என்று ஐந்து அளவுகள். நால்வருக்கு 400 போதும். இருவர் என்றால் 200. சின்ன மண்டலத்தில் அண்டை வீட்டுக்காரன் சீக்கிரமே எதிரில் வந்து நிற்பான், பேச்சுவார்த்தையும் போரும் முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கும். 1000 நட்சத்திரத்தில் முதல் மூன்று மணி நேரமும் ஆளில்லாத இடத்தில் கொடி நடுவதுதான் வேலை.

படி 3: கணினி ஆடும் அரசுகள். 400 நட்சத்திரத்தில் நீங்கள் நால்வர், கணினி மூவர். அதற்கு மேல் வேண்டாம். விழுந்துபோன பழைய பேரரசு ஒன்று, கொள்ளைக் கூட்டம் ஒன்று அல்லது பூச்சியம்.

படி 4: குடியேறத்தக்க கோள்கள். 0.25 மடங்கிலிருந்து 5 மடங்கு வரை வைக்கலாம். 0.5 வையுங்கள். கோள் பாதியானால் மக்களும் குறைவார்கள், கணினியின் கணக்கும் குறையும், உங்கள் சொடுக்கும் குறையும். ஒரே மாற்றத்தில் மூன்று ஆதாயம் தருவது இது ஒன்றுதான். ஆனால் தாய்க்கோளுக்கு அருகே உறுதியாகக் கிடைக்கும் கோள்கள் என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. அதை 2இலேயே விட்டுவிடுங்கள். அதையும் குறைத்தால் ஒருவருக்கு நல்ல தொடக்கம், இன்னொருவருக்குப் பட்டினி என்று ஆகிவிடும்.

படி 5: ஆராய்ச்சிச் செலவு. டெக்னாலஜி காஸ்ட் என்று இருக்கும். ஆட்டக் காலத்தை 300 வருடத்திலிருந்து 150 ஆகப் பாதியாக்கினீர்கள். ஆராய்ச்சிச் செலவையும் பாதியாக்குங்கள், 0.5. இல்லாவிட்டால் பெரிய கப்பல்களைக் கண்ணால் பார்க்கும் முன்பே 2350 வந்துவிடும். 0.25க்குப் போகாதீர்கள். அவ்வளவு மலிந்தால், முதல் 30 வருடத்தில் கொஞ்சம் முந்தியவர் பிறகு யாருக்கும் எட்டமாட்டார்.

படி 6: பாதைகளின் அடர்த்தி. இதில் அறிவுரைகள் பலவாறு இருக்கும், என் முடிவைச் சொல்கிறேன். நட்சத்திரங்களுக்கு இடையிலான பாதைகளைக் குறைத்தால் கணினிக்கு வழி தேடும் வேலை குறையும் என்பது உண்மை. ஆனால் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை தாண்டி நம்மூருக்கு வரும் சாலையை நினைத்துப் பாருங்கள். மழையில் ஓரிடத்தில் மண் சரிந்தால் பஸ் எல்லாம் அங்கேயே நிற்கும். பாதை குறைந்த மண்டலமும் அப்படித்தான். ஒருவர் ஒரு கணவாயில் கோட்டை கட்டி உட்கார்ந்துவிடுவார், போர் 40 வருடம் அங்கேயே நிற்கும். கணினி மிச்சம் பிடித்த நேரத்தை முற்றுகை தின்றுவிடும். ஆகவே 1 மடங்கிலேயே விடுங்கள்.

படி 7: பழங்குடி நாகரிகங்கள். விண்வெளிக்கு வராத சமூகங்களின் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். அவற்றோடு வரும் நிகழ்ச்சிகள் அழகானவை, எனக்கும் பிடிக்கும். தனியாக ஆடும் இரவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: எழுதி வையுங்கள். இந்த எண்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் தேதி போடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எவ்வளவு நேரம் பிடித்தது என்று அதன் கீழே சேர்க்கலாம். மூன்று ஆட்டம் முடிந்தால் உங்கள் வீட்டுக்கும் உங்கள் கணினிகளுக்கும் பொருந்தும் அளவு கிடைத்துவிடும்.

*குறிப்பு:* 2016இல் வெளிவந்த ஸ்டெல்லாரிஸ் அடிக்கடி மாறும் ஆட்டம். 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பு மக்களைக் கணக்கிடும் முறையையே மாற்றியது. பெரிய பதிப்பு வந்த பிறகு பழைய அளவுகளை நம்பாமல் மறுபடி 10 வருடம் அளந்து பாருங்கள்.

வேறு ஆட்டம் என்றால்

*மாஸ்டர் ஆஃப் ஓரியன், 1993.* மிகப் பழைய மடிக்கணினியிலும் டாஸ்பாக்ஸ் வழியாக ஓடும். மண்டல அளவு நான்கு: 24, 48, 70, 108 நட்சத்திரங்கள். 24ஐத் தேர்ந்து மூன்று எதிரிகளோடு ஆடினால் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். இதில் எல்லா இனங்களும் கூடி வாக்களிக்கும் சபை ஒன்று உண்டு. மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைத்தால் அங்கேயே வெற்றி. கடைசிக் கோள் வரை பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. துடைப்பு வேலைக்கு இதைவிடச் சிறந்த மருந்தை 30 வருடம் கழித்து வந்த ஆட்டங்களிலும் நான் பார்க்கவில்லை. நம் வீட்டு விதிகளுக்கு இதையே முன்மாதிரியாக எடுத்திருக்கிறேன்.

*மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2, 1996.* வீட்டில் ஒரே மடிக்கணினிதான் என்றால் இது. மாறி மாறி உட்கார்ந்து ஆடும் ஹாட் சீட் முறை இதில் இருக்கிறது. போனில் டைமர் வைத்து முறைக்கு 3 நிமிடம் என்று கட்டுங்கள். டைமர் அடித்ததும் எழுந்துவிட வேண்டும்.

*ஃப்ரீஓரியன்.* காசு கொடுத்து வாங்க வேண்டாம், இலவசம். எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டளை கொடுத்து முறையை முடிப்பார்கள் என்பதால் காத்திருப்பு குறைவு. நட்சத்திர எண்ணிக்கையை நீங்களே எண்ணாகப் போடலாம். ஓர் அரசுக்கு 12 முதல் 15 வரை என்று கணக்கு வைத்து ஆரம்பியுங்கள்.

*சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்.* 2008இல் வந்தது. முறை கிடையாது, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன வரைபடம், குயிக் ஸ்டார்ட் தெரிவு, வருமானமும் கப்பல் வேகமும் கூடிய நிலையில், கடற்கொள்ளையர் அணைத்து: இந்த நான்கையும் வையுங்கள். 2012இல் வந்த ரெபெல்லியன் பதிப்பில் தலைநகரை இழந்தால் தோல்வி என்ற வெற்றி விதியைச் சேர்க்கலாம். அதைச் சேர்த்தால் ஒரு நல்ல படையெடுப்பிலேயே ஒருவரின் கதை முடியும், மூலையில் ஒளிந்த கடைசிச் சிறுகோளைத் தேடி அரைமணி நேரம் அலைய வேண்டியதில்லை.

ஆட்டத்துக்குள்: ரவுண்டு முறை

தோட்டத்தில் ஒரே மலையில் தினமும் கொழுந்து எடுப்பதில்லை. ஏழெட்டு நாளுக்கு ஒரு ரவுண்டு. தினமும் போனால் பறிக்க ஒன்றும் இருக்காது, விட்டுவிட்டால் முற்றிவிடும். கோள்களையும் அப்படிப் பாருங்கள். அறிவிப்பு வரும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பவர்தான் நால்வரையும் நிறுத்தி வைப்பவர்.

1. ஆட்டத்தில் 5 வருடத்துக்கு ஒரு ரவுண்டு. 2205, 2210, 2215 என்று வைத்துக்கொள்ளுங்கள்.
2. ரவுண்டில் ஒவ்வொரு கோளிலும் ஒரே முறை நிற்கவும். அடுத்த 5 வருடத்துக்கான கட்டடங்களை வரிசையில் போட்டுவிட்டு நகரவும்.
3. ஐந்தாவது கோள் வந்தவுடன் தானியங்கி நிர்வாகத்தை இயக்குங்கள். தலைநகரையும் கப்பல் கட்டும் கோளையும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி உங்களைவிட மோசமாகத்தான் கட்டும். பரவாயில்லை, எல்லோருக்கும் அதே குறைதான்.
4. ஆராயும் கப்பலுக்கும் கட்டுமானக் கப்பலுக்கும் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஏழெட்டு இடங்களை வரிசையாகக் கொடுங்கள். ஒவ்வோர் இடம் முடிந்ததும் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தால் போகும் நேரம் கொஞ்சமல்ல.
5. புதுக் கப்பல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல், ஃப்ளீட் மேனேஜரில் படையின் அளவைக் கூட்டிவிட்டு நிரப்பும் பொத்தானை அழுத்துங்கள்.
6. படைகளை இரண்டாகவோ மூன்றாகவோ திரட்டுங்கள். பத்துச் சின்னப் படை என்றால் பத்துத் தடவை கட்டளை.

*வழக்கமான தவறு:* போர் இல்லாத காலத்தில் வேகத்தைக் கூட்டாமல் சாதாரண வேகத்திலேயே ஓட்டுவது. சமாதானத்தில் மிக வேகம், படைகள் மோதும்போது சாதாரணம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

தீர்ந்த ஆட்டத்தை முடிப்பது

நண்பர்களுக்குள் மனக்கசப்பு வரும் இடம் இது. தோற்பவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கும். வெல்பவருக்கு முழுதாக வெல்ல ஆசை. ஆகவே விதியை ஆட்டத்தின் நடுவில் பேசக்கூடாது, காலையில் யாரும் முந்தாத நேரத்தில் பேச வேண்டும். எங்கள் வீட்டு விதியை இங்கே தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள்.

1. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் ஒரு தடவை ஆட்டத்தை நிறுத்தி எல்லோரின் புள்ளியையும் பார்க்கவும்.
2. ஒருவரின் புள்ளி மற்ற மூவரில் முதலிரண்டு பேரின் கூட்டுத்தொகையைத் தாண்டினால் வாக்கெடுப்பு.
3. நால்வரில் மூவர் ஆம் என்றால் அவர் வென்றார். அங்கேயே முடிவு.
4. வாக்கு விழாவிட்டால் 20 நிமிடம் அவகாசம். மற்ற மூவரும் கூட்டணி சேர்ந்து அவரைத் தாக்கலாம். எங்கள் மிகச் சிறந்த போர்கள் நடந்தது இந்த 20 நிமிடங்களில்தான்.
5. அவகாசம் முடிந்தும் நிலைமை மாறாவிட்டால் மறு வாக்கு இல்லை, முன்னே இருப்பவருக்கே வெற்றி.

வாக்கெடுப்பு வேண்டாம், போரிலேயே முடிக்கிறேன் என்பவருக்கு ஒரு வழி: கோள் கோளாகப் பிடிக்காதீர்கள். ஸ்டெல்லாரிஸில் போரின் நோக்கத்தை அறிவிக்கும்போது எதிரியைக் கப்பம் கட்டும் சிற்றரசாக்கும் தெரிவை எடுங்கள். வென்றால் ஒரே கையொப்பத்தில் ஓர் அரசு முழுதும் உங்கள் கீழ் வரும், அதன் கோள்களை நீங்கள் நிர்வகிக்கவும் வேண்டாம். போர்க்களைப்பு என்ற அளவையும் கவனியுங்கள். அது 100 சதவீதத்தை எட்டினால், இருந்த இடத்தோடு நிறுத்தும் சமாதானத்தை எதிரி உங்கள்மேல் திணிக்கலாம். அதனால் படை சேராமல் போர் தொடங்காதீர்கள். நீண்ட அரைகுறைப் போர்கள் மூன்றைவிட, தயாராகி நடத்திய ஒரு குறுகிய போர் வேகமாக ஆட்டத்தை முடிக்கும்.

நண்பர்களோடு ஆடும் நாளுக்கு முந்திய இரவு

1. எல்லோருடைய ஆட்டமும் ஒரே பதிப்பா என்று பாருங்கள். முகப்புத் திரையில் பதிப்பு எண்ணோடு செக்சம் என்ற எழுத்துக் கோவை ஒன்று தெரியும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.
2. அப்டேட் இருந்தால் இரவு நேர டேட்டாவில் இறக்கிவிடுங்கள். ஆடும்போது டேட்டா அவ்வளவாகச் செலவாகாது. அப்டேட்தான் பொதியை விழுங்கும்.
3. ஸ்டெல்லாரிஸில் கூடுதல் தொகுதிகளை ஆட்டம் நடத்துபவர் வைத்திருந்தால் சேர்பவர்களும் அந்த ஆட்டத்தில் பயன்படுத்தலாம். நால்வரும் காசு போட்டு வாங்கத் தேவையில்லை.
4. ஆட்டத்தை நடத்துபவர் யாரென்று முடிவெடுங்கள். நல்ல கணினியும் நல்ல இணைப்பும் உள்ளவர் நடத்தட்டும். ஆனாலும் கூட்டத்தில் மிக மெதுவான கணினி எதுவோ அதன் வேகத்துக்குத்தான் ஆட்டம் இறங்கும். அந்தக் கணினிக்காரரைக் கடியாதீர்கள். அவருக்கு ஏற்றபடி மண்டலத்தை 200 ஆக்குங்கள்.
5. ஆளுக்கு மூன்று நிறுத்தம். ஒவ்வொன்றும் 2 நிமிடம். கழிவறைக்குப் போவதும் அம்மா கூப்பிடுவதும் கணக்கில் வராது.

கரண்ட், மின்னல், சூடு: பாதுகாப்பு

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. இப்போது நிலைமை பரவாயில்லை என்றாலும் மலையில் காற்றுக்கும் மரத்துக்கும் கம்பி அறுவது வழக்கம்.

- தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஆட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். ரவுண்டு முடிந்ததும் கையாலும் ஒரு சேவ் போடுங்கள், வேறு பெயரில்.
- அயர்ன்மேன் முறையில் ஆடாதீர்கள். அதில் ஒரே சேவ் கோப்புத்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்க் கோப்புக் கெட்டால் திரும்பிப் போக வழியில்லை.
- ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் நல்லது. மடிக்கணினிகளுக்குப் பேட்டரி இருக்கும், ரூட்டருக்குத்தான் இருக்காது. பேட்டரியில் ஓடும்போது பல மடிக்கணினிகள் செயலியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.
- மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் அதிகம். அந்த மாதங்களில் ஆட்டத்தைக் காலை 8 மணிக்கே தொடங்குங்கள். தூரத்தில் இடி கேட்டதுமே சேவ் போட்டு, சார்ஜரையும் ரூட்டரையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கில் கை வைக்காதீர்கள்.
- நான்கு சார்ஜரை ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடலாம், நல்ல போர்டாக இருந்தால். அதே போர்டில் தண்ணீர் கொதிக்கும் கேத்தலையோ ஹீட்டரையோ போடக்கூடாது. ஒரு கேத்தல் மட்டுமே 1500 முதல் 2000 வொட் இழுக்கும். லயத்து வீடுகளின் வயரிங் பல இடங்களில் பழையது. பிளக் தொட்டால் சுடுகிறது என்றாலோ கருகிய வாசம் வந்தாலோ உடனே மெயினை அணைக்கவும்.
- குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதன்மேல் மடிக்கணினியை வைத்து ஆடுவது நம்மூரில் மிகச் சாதாரணம். அடியிலிருக்கும் காற்றுத் துளை அடைபட்டு செயலி சூடாகும், சூடானதும் தன் வேகத்தைத் தானே குறைக்கும். ஒரு பலகையில் வையுங்கள். ஆட்டமும் வேகமாகும், பேட்டரிக்கும் பாதுகாப்பு.
- அடுப்புப் புகை வரும் இடத்தில் வேண்டாம். புகைக்கரியும் தூசியும் விசிறியில் படியும்.
- 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே எதிர்மலையை 20 விநாடி பாருங்கள். கண்ணுக்கு அது ஓய்வு.

சாதாரண தரம், உயர்தரம் எழுதும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரவு 10 மணிக்குப் பிறகு 'இன்னும் பத்து வருடம் மட்டும்' என்று தொடங்கும் ஆட்டம் காலை 2 மணிக்குத்தான் நிற்கும். தனியாக ஆடும்போதும் போனில் அலாரம் வைத்து, அது அடித்ததும் சேவ் போட்டு மூடிவிடுங்கள். காலையில் பெரட்டுக்குப் போக 5 மணிக்கு எழும் அம்மாவுக்கும் அந்தச் சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் பக்கத்துக் காம்பராக்காரருக்கும் உங்கள் பீரங்கிச் சத்தம் கேட்கக்கூடாது. ஹெட்செட் போடுங்கள்.

ஒரு போயா நாளின் அட்டவணை

400 நட்சத்திரம், நால்வர், வெற்றி ஆண்டு 2350 என்று வைத்து நாங்கள் இப்போது பின்பற்றுவது:

1. காலை 8.30: கணினிகளை இணைத்தல், செக்சம் சரிபார்த்தல், விதிகளை ஒருமுறை சத்தமாக வாசித்தல்.
2. 9.00 முதல் 10.45 வரை: 2200 முதல் 2245 வரை. மிக வேகம். இந்தக் கட்டத்தில் போர் தொடங்குபவர் கொஞ்சம்தான், ஆகவே நிறுத்தங்களைச் சேமித்துக்கொள்ளலாம்.
3. 10.45: தேநீர், 15 நிமிடம். எல்லோரும் எழுந்து வெளியே நடக்க வேண்டும்.
4. 11.00 முதல் 12.45 வரை: 2290 வரை. கூட்டணிகளும் முதல் போர்களும்.
5. 12.45: முதல் புள்ளிக் கணக்கு. சாப்பாடு. ஆட்டத்தைப் பற்றிய பேரம் பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.
6. 1.30 முதல் 4.00 வரை: 2350 வரை. மணிக்கொரு புள்ளிக் கணக்கு, தேவைப்பட்டால் வாக்கு.
7. 4.00: எங்கே இருந்தாலும் நிறுத்தம். 2350 வராவிட்டால் அந்த நேரத்துப் புள்ளியே முடிவு.
8. 4.10: கொப்பியில் வென்றவர் பெயர், முடிந்த ஆண்டு, பிடித்த நேரம், அடுத்த தடவை மாற்ற வேண்டிய ஒரே ஓர் எண். ஒன்றுக்கு மேல் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மாலை 4.30க்கு வீட்டிலிருந்து இறங்கினால் இராகலை பஸ்ஸுக்குச் சரியாக இருக்கும்.